கார்த்திகை மழைக்கு மூன்று நாள் கணக்கு

போனில் பத்து நாளுக்கான மழைப்படத்தைப் பார்த்து வெங்காயம் நட நாள் குறிக்கிறீர்களா? விட்டுவிடுங்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் (காற்றழுத்தத் தாழ்வு) உருவானால், அது எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் வருமா, நாகப்பட்டினம் பக்கம் போகுமா என்பது கடைசி இரண்டு மூன்று நாளில்தான் ஓரளவு தெளிவாகும். 2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் விட்டுவிட்டுத்தான் காரைக்கால் பக்கம் கரையேறியது. கரை கடக்கும் இடத்தை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்தால் ஏமாந்துபோவோம்.

நான் தினமும் பார்ப்பது இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கை. வடக்கில் 100 மி.மீ.க்கு மேல் என்றால் உடனே மண்வெட்டியை எடுப்பேன். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர். 100 மி.மீ. பெய்தால் ஒரு பரப்பு (சுமார் 250 சதுர மீற்றர்) வளவில் மட்டும் சுமார் 25,000 லீற்றர்! மதிலோர வாய்க்காலில் பனையோலை அடைத்துக் கிடந்தால் அவ்வளவும் முற்றத்தில்தான் நிற்கும்.

விறகு, உரப்பை எல்லாவற்றையும் முதல்நாளே உயரத்தில் ஏற்றிவிடுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் மழையை விட்டுவிட்டு, அறிக்கையின் காற்று வேகத்தை முதலில் பாருங்கள்.