அடிபட்ட பருந்து கிடந்தா தண்ணி ஊத்தாதீங்க, அட்டைப்பெட்டி தேடுங்க

எங்க ஏரியா வடசென்னை. மாஞ்சா நூல்ல சிக்குற பருந்துங்கதான் இங்க அதிகம், 2017லயே பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுக்க தடை போட்டும் நூல் கிடைச்சுட்டுதான் இருக்கு. போன வருஷம் எதிர்வீட்டு வேப்பமரத்துலேர்ந்து ஒரு கரும்பருந்து தொப்புனு விழுந்துச்சு, ரெக்கைக்கு அடியில நூல் சதைக்குள்ள இறங்கியிருந்துச்சு, கண்ண மூடாம எங்களயே பாத்துட்டு கிடந்துச்சு. நான் கீழ இறங்கிப் போறதுக்குள்ள ஒரு அக்கா பாவம்னு வாயப் பொளந்து சொம்புத் தண்ணிய ஊத்திட்டாங்க, உடனே மூச்சு கரகரனு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. பறவைங்களுக்கு மூச்சுக்குழாய் நாக்குக்குப் பின்னாடியே திறந்திருக்கும், நாம ஊத்துறது நேரா நுரையீரலுக்குப் போயிரும். அதனால தண்ணி, பால், சோறு எதுவும் வேணாம். அணில் குட்டிக்கும் மாட்டுப்பால் குடுக்காதீங்க, வயித்தால போயே செத்துரும்.

பருந்து, கூகை மாதிரி பறவைனா அலக விட கால் நகம்தான் ஆபத்து. கெட்டியான பெட்ஷீட்ட பின்பக்கமா வந்து தலையோட மூடுங்க, இருட்டானா அதுவே அடங்கிரும். அப்புறம் ரெக்கைய உடம்போட சேத்துப் புடிச்சு, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில பழைய காட்டன் துணி விரிச்சு வைங்க. டர்க்கி டவல் வேணாம், நூல்ல நகம் மாட்டிக்கும். நூல் சுத்தியிருந்தா புடிச்சு இழுக்காதீங்க, ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு வெட்டிருங்க, உள்ள இருக்குறத டாக்டர் எடுக்கட்டும். பெட்டிய ஃபேன் காத்து நேரா படாத அமைதியான ரூம்ல வைங்க. பசங்கள கூட்டிட்டு வந்து காட்டாதீங்க ப்ளீஸ், பயத்துலயே உயிர் போயிரும்.

குரங்கு, மரநாய், கீரி, வௌவால்னா கைய வைக்கவே வேணாம். கடிச்சாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஜிஎச் போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கணும். பாம்புனா தள்ளி நின்னு எங்க போகுதுனு பாத்துட்டே வனத்துறைக்கோ ஃபயர் சர்வீஸுக்கோ சொல்லுங்க, அடிபட்ட பாம்பும் கடிக்கும்.

அடுத்தது போன். கிண்டியில வனத்துறை ஆபீஸ் இருக்கு, பக்கத்துலயே ப்ளூ கிராஸ் இருக்கு, ரெண்டு நம்பரும் இன்னைக்கே சேவ் பண்ணி வைங்க, ஏன்னா ஞாயித்துக்கிழமை மதியம் பதறிட்டு தேடும்போது ஒண்ணும் கிடைக்காது. பேசும்போது என்ன உயிரு, ரத்தம் வருதா, நிக்குதா, எந்தத் தெரு, லேண்ட்மார்க் என்னனு சொல்லிட்டு போட்டோவும் அனுப்புங்க. ஒருத்தர் எடுக்கலனா அடுத்தவருக்கு அடிங்க, விடாதீங்க. எங்க பருந்துக்கு நாலாவது போன்லதான் ஆள் கிடைச்சாங்க. எடுத்த இடத்த பெட்டி மேலயே எழுதி ஒட்டிருங்க, தேறினா அங்கயே கொண்டுவந்து விட வசதியா இருக்கும்.

ஒரு விஷயம், தரையில இருக்குற எல்லாக் குஞ்சும் அடிபட்டது இல்ல. ரெக்கை முளைச்சு தத்தித் தத்திப் போச்சுனா அது பறக்கப் பழகுது, பூனை வராத கிளையில தூக்கி வைங்க, மனுஷங்க தொட்டா தாய் சேக்காதுங்கறது பொய்.

குணமாகுற வரைக்கும் நானே வளக்குறேன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. 1972 வனவிலங்குச் சட்டப்படி நம்ம ஊர் பச்சைக்கிளியக் கூட வீட்டுல வெச்சுக்கக் கூடாது.