அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். காலண்டரில் ஒரு அழைப்பு: மூன்று மணிக்கு, பதினைந்து நிமிடம், மேலாளரும் எச்.ஆரும். பதிமூன்று வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. 'நீங்களே பேப்பர் போட்டுவிட்டால் ரெக்கார்டில் நன்றாக இருக்கும்' என்றார்கள். கௌரவமாகத் தோன்றியது. அன்று சாயங்காலமே ராஜினாமா மெயில் அனுப்பிவிட்டேன்.

அதுதான் முதல் தவறு. ராஜினாமா என்று பதிவாகிவிட்டால், கம்பெனி அனுப்பியது என்று பிறகு வாதாடுவது கஷ்டம். எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள், கடைசி நாள் எது என்பதையெல்லாம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால்தான். 'வீட்டில் பேசிவிட்டு இரண்டு நாளில் சொல்கிறேன்' என்று எழுந்து வந்தால் யாரும் கதவைப் பூட்டப்போவதில்லை. என்ன தருவதாகச் சொல்கிறார்களோ அதை மெயிலில் வாங்குங்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் உங்கள் சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடைக்கு, நிரந்தர ஊழியர் என்றால் பொதுவாக ஐந்து வருட சர்வீஸ் வேண்டும். அதற்குச் சில மாதங்களே பாக்கி இருக்கும்போது அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுப்பதற்கு முன்பும் யோசியுங்கள், பத்து வருட சர்வீஸ் இருந்தால்தான் அதில் பென்ஷன்.

மருத்துவக் காப்பீடு யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. கம்பெனி கொடுக்கும் குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். என் அப்பாவுக்குச் சர்க்கரை. புதிதாக பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம்வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024க்கு முன் இது நான்காக இருந்தது. வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒரு பாலிசி எடுத்திருந்தால் அந்த மூன்று வருடம் சத்தமில்லாமல் கழிந்திருக்கும்.

இன்னொரு தவறு, எல்லாப் பழியையும் ஏ.ஐ. மேல் போடுவது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தபோது சோழிங்கநல்லூர் டீக்கடையில்கூட 'ஏ.ஐ. வந்துடுச்சு' என்பதுதான் பேச்சு. காரணம் ஏ.ஐ. அல்ல, திறன் பொருந்தாமையும் ஆட்களைப் பொருத்தமான வேலையில் அமர்த்த முடியாமையும்தான் என்றார் அதன் தலைமை அதிகாரி. அதை அப்படியே நம்ப வேண்டும் என்றில்லை. ஆனால் அதிகம் அடி வாங்கியது நடு மட்டத்திலும் மேல் மட்டத்திலும் இருந்தவர்கள். ஆளை மேய்ப்பது மட்டுமே வேலையாகிப்போன என்னைப் போன்றவர்களுக்குச் சிக்கல் ஏ.ஐ. வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

அதே பதற்றத்தில்தான் ஜோசியமும் கேட்கிறோம். எந்த வேலை அழியும், எது நிலைக்கும்? 2016இல் ஏ.ஐ. ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர்களான ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தே வருடத்தில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்ற அர்த்தத்தில் பேசினார். பின்னால் நோபல் பரிசு வாங்கியவர். அமெரிக்காவில் இன்றும் ரேடியாலஜிஸ்டுக்குத் தட்டுப்பாடு. அவருக்கே தப்பிய கணக்கை ரீல்ஸில் வருகிற தம்பி சரியாகப் போட்டுவிடுவார் என்று நம்பி, ஆறு மாத டேட்டா சயின்ஸ் கோர்ஸுக்குக் கடன் வாங்குகிறார்கள். வகுப்பை நிறுத்தினாலும் இ.எம்.ஐ. நிற்காது. 'பிளேஸ்மென்ட் கியாரண்டி' என்றால் அந்த கியாரண்டியின் நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள். கற்றுக்கொள்வதுதான் நோக்கமென்றால் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளை இலவசமாகவே பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம்.

இப்போது வேறொரு இடத்தில் வேலை, நேர்காணல் எடுப்பதும் அதில் ஒரு பகுதி. வருகிற ரெஸ்யூமேக்கள் பாதிக்கு மேல் ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கின்றன. எல்லோரும் எதையோ நாற்பது சதவீதம் மேம்படுத்தியிருக்கிறார்கள். எதில் நாற்பது என்று கேட்டால் பார்வை கூரைக்குப் போகிறது. ஆன்லைன் நேர்காணல் என்றால் இன்னும் வேடிக்கை. 'கேள்வியை இன்னொரு தடவை சொல்ல முடியுமா சார்?' என்பார்கள். சில நொடி மௌனம். கண் இடமிருந்து வலமாக நகரும். பிறகு பாடப்புத்தகம் பேசும். ரெஸ்யூமேயை ஏ.ஐ. வைத்துத் திருத்துவதில் தப்பே இல்லை, நானும் செய்தேன். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் உங்களிடம் ஒரு கதை இருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு பெண் வந்தார். நீங்கள் கண்டுபிடித்த ஒரு பக், அதாவது சாஃப்ட்வேர் பிழை, பற்றிச் சொல்லுங்கள் என்றேன். ஜவுளிக்கடை பில்லிங் சாஃப்ட்வேர். அது என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைக் குறிப்பைக் கொடுத்ததும் ஏ.ஐ. அறுபது டெஸ்ட் கேஸ் எழுதித் தந்திருக்கிறது. இவர் ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய் ரிட்டர்ன் கவுன்டர் பக்கத்தில் நின்றிருக்கிறார். ஆடித் தள்ளுபடியில் வாங்கிய புடவையை ஆடி முடிந்தபின் திருப்பிக் கொடுத்தால், சிஸ்டம் தள்ளுபடிக்கு முந்தைய முழு விலையையும் திருப்பித் தந்தது. குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதில் இல்லாததை அந்த அறுபதும் சோதிக்கவில்லை. டெஸ்டிங்கைத் தானியங்கியாகச் செய்யும் செலினியம் என்ற கருவி தெரியுமா என்று நான் கேட்கவே மறந்துவிட்டேன்.

வேலை தருவதற்கு உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை, அவ்வளவுதான். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களில் சிக்கினார்கள். வெளிநாடென்றால் ஏஜென்ட் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள்.

நான் செய்ததில் பெரிய தவறு, யாரிடமும் சொல்லாதது. தினமும் காலை எட்டரைக்கு லேப்டாப் பையோடு கிளம்புவேன். திருவான்மியூர் கடற்கரையில் கொஞ்ச நேரம், வெயில் ஏறியதும் ஏதாவது காபிக் கடை. பையில் டிபன் பாக்ஸ் மட்டும்தான், லேப்டாப்பைத்தான் வாங்கிக்கொண்டார்களே. நான்காவது வாரம், பழைய டீமில் இருந்த ஒருவர் பைக்கை நிறுத்தி, "என்னண்ணே, இந்த நேரத்துல இங்க?" என்றார். சொன்னேன். "இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? எங்க இடத்துல தெரிஞ்சவங்களைச் சிபாரிசு பண்ற ரெஃபரல் போன வாரம்தான் முடிஞ்சுது. சரி, ரெஸ்யூமேயை இப்பவே அனுப்புங்க, பாக்கலாம்" என்றார்.