பதின்வயதில் நேசித்த பங்க் இசைக்குழுவின் நினைவுகளைக் காப்பது எப்படி?

பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசையை வாசித்த உள்ளூர்க் குழுக்கள் பலவற்றுக்கு முறையான இசைத்தட்டே வெளிவந்ததில்லை என்பதால், அவற்றின் வரலாறு ரசிகர்களின் அலமாரியில் கிடக்கும் டெமோ (மாதிரிப் பதிவு) கேசட்டுகளிலும் நகலெடுத்த துண்டறிக்கைகளிலும்தான் எஞ்சியிருக்கிறது. கேசட்டில் நாடா வெளியே தெரியும் பக்கத்துக்கு எதிர்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை முதலில் உடைத்துவிடுங்கள். தவறுதலாக மறுபதிவு நேராது. பின்னர் நாடாவை முழுவதும் முன்னோக்கி ஓட்டி, மீண்டும் பின்னோக்கிச் சுற்றி, பிளேயரில் நாடாவைப் படிக்கும் பகுதியான ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து உலரவிட்டபின், கணினியில் 24 பிட் வேவ் (WAV) ஒலிக் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சலை நீக்க முனையாதீர்கள்: பாடலுக்கு முன் டிரம்மர் குச்சிகளைத் தட்டும் ஒலியும், கூட்டத்திலிருந்து யாரோ கத்தும் குரலும்தான் அந்த இரவின் உயிர்; அவற்றை இழந்த பதிவு எனக்குப் பதிவே அல்ல.

துண்டறிக்கைகளை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, அமிலமற்ற உறைகளில் வையுங்கள். செல்லோடேப் ஒட்டவே கூடாது. அவற்றில் தேதியும் கிழமையும் மட்டும் இருந்து ஆண்டு இல்லையென்றால், அவ்விரண்டும் பொருந்தும் ஆண்டுகளைப் பழைய நாட்காட்டிகளில் தேடுங்கள்.

உங்கள் நினைவுகளை மட்டும், நண்பர்களிடம் பேசுவதற்கு முன்பே தனியாக எழுதிவிடுங்கள். பேசியபின் அவர்களுடைய நினைவு உங்களுடையதோடு கலந்துவிடும்.