முடிவு பிடிபடாத பழைய படத்தை எப்படிப் பார்ப்பது, எப்படிக் கதைப்பது

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எங்கள் வீடுகளில் முதலில் வருகிற கேள்வி "அப்ப கடைசியில என்ன நடந்தது?" என்பதுதான். அடுத்த நிமிடம் ஒருவர் போனை எடுத்து முடிவை விளக்குகிற வீடியோ ஒன்றைத் தேடுவார், யாரோ ஒருவர் சொன்ன விடை அங்கே இருக்கிற எல்லாருடைய விடையாகவும் ஆகிவிடும், படமும் அத்தோடு சரி. தயவுசெய்து அன்றிரவு அதைச் செய்யாதீர்கள். நல்ல இயக்குநர் ஒருவர் முடிவில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டால் அந்த வெறுமைக்கு ஒரு வடிவம் இருக்கும், நினைத்ததை எல்லாம் அதற்குள் போட்டு நிரப்ப ஏலாது. அந்த வடிவத்தைப் பிடிக்க நான் யாழ்ப்பாணத்தில் நண்பர்களோடும் சொந்தக்காரரோடும் படம் பார்க்கும்போது செய்கிறவற்றைச் சொல்கிறேன்.

முதல் வேலை, கடைசி ஐந்து நிமிடத்தை உடனே திரும்பப் போடுவது. இந்தத் தடவை சப்டைட்டிலை நிறுத்திவிடுங்கள். எங்களில் கனபேர் வேற்றுமொழிப் படத்தை ஆங்கில எழுத்து வாசித்தே பார்க்கிறோம், கண் திரையின் அடியிலேயே கிடக்கும், கடைசி முகத்தில் ஓடுகிற மாற்றம் தப்பிப்போகும். பிறகு சத்தத்தை மட்டும் கவனித்து ஒருமுறை. அன்டோனியோனியின் 'புளோ அப்' (1966) முடிவில் சிலர் பந்தே இல்லாமல் டென்னிஸ் ஆடுவார்கள், இல்லாத பந்து வேலிக்கு வெளியே "விழ", தன் கமராவில் ஒரு கொலை பதிந்துவிட்டது என்று நம்பிய அந்தப் புகைப்படக்காரன் அதைக் குனிந்து எடுத்துத் திருப்பி எறிவான். அதுவரை பந்துச் சத்தம் இல்லை. அவன் எறிந்த பிறகுதான் பந்து அடிபடுகிற சத்தம் கேட்கத் தொடங்கும், கொஞ்சத்தில் அவனே புல்வெளியில் இருந்து மறைந்துபோவான். காதைக் கொடுக்காதவர் "கொலை நடந்ததா இல்லையா" என்பதிலேயே நிற்பார். சத்தத்தைக் கேட்டவர் இந்த மனிதன் இப்போது எதை நம்பத் தொடங்கிவிட்டான் என்று கேட்பார், அங்கேதான் படம் திறக்கிறது.

அடுத்தது ஒரு கொப்பியில் நடுவே கோடு போடுங்கள். இந்தப் பக்கம் திரையில் கண்டது, மற்றப் பக்கம் நீங்கள் ஊகித்தது. சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் பாதிச் சண்டை இதிலேயே தீர்ந்துபோகும். சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) பார்த்துவிட்டு "சாருவும் கணவனும் சேர்ந்துவிட்டார்கள்" என்று ஒருவரும் "பிரிந்துவிட்டார்கள்" என்று இன்னொருவரும் சத்தியம் பண்ணுவார்கள். கண்டது என்ன? சாரு வாசலில் நின்று கணவனை உள்ளே கூப்பிட்டுக் கையை நீட்டுகிறாள், பூபதியும் நீட்டுகிறார், இரண்டு கையும் தொடுவதற்குச் சற்று முன்னால் படம் உறைந்துவிடுகிறது. அவள் முகம், அவர் முகம், விளக்கோடு நிற்கிற வேலைக்காரர் என்று எல்லாம் அசையாப் படங்கள். அவ்வளவுதான். தொட்டதும் தொடாததும் ஊகப் பக்கத்துக்கு வரவேண்டியவை. ஆனால் கூப்பிட்டவள் அவள் என்பது கண்ட பக்கத்தில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எந்த விளக்கமும் சொல்ல முடியாது.

இனித்தான் முக்கியமான இடம். முடிவு எந்தக் கேள்வியைத் திறந்து விடுகிறது என்று பாருங்கள், அது நீங்கள் படம் முழுக்கக் காத்திருந்த கேள்வியாக இல்லாமலும் இருக்கலாம். குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) படத்தில் ஒரு சாமுராய் காட்டில் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன், சாமுராயின் மனைவி, மந்திரக்காரி வழியாகப் பேசுகிற செத்தவன், விறகுவெட்டி என நான்கு பேர் நான்கு கதை சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் விடியும்வரை பார்க்கலாம், விடை வராது. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. வழக்கமாகக் குற்றம் நடந்தால் எல்லாரும் "நான் செய்யவில்லை" என்பார்கள். இங்கே கொள்ளைக்காரன் தானே கொன்றேன் என்கிறான், மனைவி சொல்வதைக் கேட்டால் கத்தி அவள் கையில் இருந்திருக்கிறது, செத்தவன் தன்னைத் தானே குத்திக்கொண்டேன் என்கிறான். கொலைப்பழியைவிட மானம் பெரிதாக இருக்கிற மனிதர்கள் இவர்கள் என்று விளங்கியதும் நான்கு கதையும் வேறு மாதிரித் தெரியும். கடைசியில் மழை விட்டு, கைவிடப்பட்ட குழந்தையை விறகுவெட்டி வீட்டுக்குத் தூக்கிப் போகிறான், அவனுக்கோ ஏற்கெனவே ஆறு பிள்ளைகள். அவனும் பொய் சொன்னவன், கொலை நடந்த இடத்தில் கிடந்த குத்துவாளை எடுத்தவன் என்ற சந்தேகமும் அவன்மேல் விழுந்திருக்கிறது. அவனை நம்பிக் குழந்தையைக் கொடுக்கலாமா? முடிவு கேட்பது இதைத்தான்.

இதே பாணியின் சாயலில் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' (1954) படத்தை அடுத்த நாள் போட்டுப் பாருங்கள், பாட்டே இல்லாத படம், சிவாஜி நடித்தது. அதிலும் ஆளுக்கு ஒரு கதை, ஆனால் கொலையாளி யார் என்று கடைசியில் தெரிந்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மூடிய முடிவும் திறந்த முடிவும் மனதில் என்ன செய்கின்றன என்று பாடம் எடுக்காமலே விளங்கும். மூடியது தரம் குறைந்தது என்று நினைத்துவிடாதீர்கள், 'அந்த நாள்' இன்றைக்கும் இருத்திப் பார்க்க வைக்கிற படம்.

ஒரு விளக்கம் கிடைத்ததும் அதைச் சோதிக்க வேண்டும். என் சோதனை, அந்த விளக்கம் சரியென்றால் முன்னால் வந்த எந்தக் காட்சி வீணாகிறது என்று கேட்பது. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) முடிவில் ஊர் ஒன்றுதிரண்டு, மனைவியையும் மற்றவரையும் கொடுமைப்படுத்திய சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்கிச் சாகச் சொல்கிறது. இறங்க முன்னம் அவன், நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன், நான் செய்ததில் பெரிய தவறு அதுதான் என்ற மாதிரிச் சொல்வான். அவன் திருந்திவிட்டான் என்று கண்கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. படம் முழுக்க அவன் குரலை உயர்த்தாமலே மற்றவரைக் குத்துகிறவன், இந்தக் கடைசி வசனமும் அதே மெல்லிய குரலில் ஊருக்கு வைக்கிற குத்துத்தான், அவனைக் கொன்ற பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறான். சரி, என் விளக்கத்தையும் சோதியுங்கள்: தன் பிள்ளைகளிடம் அவன் விடைபெறுகிற இடம் இதற்குள் அடங்குமா? முழுதாக அடங்காது. அதனால்தான் அந்தப் படத்தைப் பற்றி இன்னும் கதைக்க முடிகிறது.

இதற்கெல்லாம் முன்னம் எல்லாரும் ஒரே படத்தைத்தான் பார்த்தீர்களா என்று உறுதிப்படுத்துங்கள். 'பிளேட் ரன்னர்' 1982இல் தியேட்டருக்கு வந்தபோது பச்சை மலைகளுக்கு நடுவே கார் ஓட, நாயகன் குரலோடு சுபமாக முடிந்தது. 1992இல் அந்த முடிவும் குரலும் போய் ஓர் ஒற்றைக்கொம்புக் குதிரைக் கனவு வந்து சேர்ந்தது, 2007இல் இன்னொரு பதிப்பு. நாயகன் மனிதனா செயற்கை மனிதனா என்று வாதாடுகிற இரண்டு பேர் இரண்டு பதிப்பைப் பார்த்தவர்களாக இருந்தால் அந்த வாதத்தில் பயனில்லை. இயக்குநர் ரிட்லி ஸ்காட் செயற்கை மனிதன் என்கிறார், நடித்த ஹாரிசன் ஃபோர்டு மனிதன்தான் என்று நெடுங்காலம் வாதாடியவர், ஆக எடுத்தவர் வாயிலிருந்து வருவதையும் ஒரு கருத்தாக மட்டும் எடுங்கள்.

கூட்டமாகக் கதைக்கும்போது வயது குறைந்தவரை முதலில் பேச விடுங்கள். எங்கள் வீடுகளில் மாமாவோ பெரியப்பாவோ வாய் திறந்துவிட்டால் பிறகு பிள்ளைகள் தலையாட்டுவதோடு சரி. ஒவ்வொருவரும் கருத்தோடு ஒரு காட்சியையும் சொல்லவேண்டும் என்று வையுங்கள், எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று.

சில படங்களுக்கு இந்த மண்ணில் தனிக் கவனம் வேண்டும். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) அப்படியொன்று. படையில் இருந்த மகனின் உடல் என்று இராணுவம் மூடி முத்திரை வைத்துக் கொடுத்த பெட்டியைப் பார்வையில்லாத தகப்பன் நம்பவில்லை, தோண்டித் திறந்தால் உள்ளே வாழைக்குற்றியும் கல்லும். 2000இல் அரசு தடுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் போய்த்தான் இங்கே திரைக்கு வந்த படம். பெட்டி வெறுமை என்றால் மகன் உயிரோடு இருக்கிறான் என்று ஆகாது, செத்தான் என்றும் ஆகாது, தர்க்கப்படி அவ்வளவுதான். ஆனால் காணாமல் போன பிள்ளைக்காக 2017இலிருந்து கிளிநொச்சி வீதியோரம் குந்தியிருந்த தாய்மாரைப் போல ஒருவர் உங்களோடு இருந்து பார்த்து, "பிள்ளை இருக்கிறான்" என்று சொன்னால், கொப்பியைக் காட்டி அது ஊகப் பக்கம் என்று திருத்தப் போகாதீர்கள். சிங்களத் தகப்பன் ஒருவரின் கதையை எங்கள் தாய் ஒருவர் அப்படி வாசிப்பது அந்த முடிவுக்குள் இடமுள்ள வாசிப்பு. அவர் சொல்வதைக் கேளுங்கள், எந்தக் காட்சி என்று கேட்பதைக்கூட அன்றைக்கு விட்டுவிடலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931). பேச்சில்லாத படம், அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் சேர்ந்து பார்க்கலாம், பார்வை திரும்பிய பூக்காரப் பெண், தனக்கு உதவிய ஏழை நாடோடியை ஏற்றுக்கொள்வாளா என்ற ஒரே கேள்வியில் எல்லாரும் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அடுத்து 'ரஷோமோன்', ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு. காணாமல் போன பெண்ணைக் கடைசிவரை கண்டுபிடிக்காமலே விடுகிற அன்டோனியோனியின் 'லவென்தூரா' (1960) இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், பிரான்சின் கான் திரைப்பட விழாவிலேயே கூச்சலிட்டுக் கேலிசெய்த படம், பிறகு அதே விழாவில் நடுவர் பரிசும் வாங்கியது. அதை நாலைந்து படம் சேர்ந்து பார்த்துப் பழகிய ஆட்களோடு, அடுத்த நாள் வேலையில்லாத இரவில் போடுங்கள்.