சூடான பந்து எவ்வளவு எழும்பும்? அறிவியல் விழாவுக்கு ஒரு ஸ்குவாஷ் பந்து ஆய்வு

மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளி அறிவியல் விழாவுக்கு எரிமலை வேண்டாம், விளையாட்டுப் பொருளை வைத்து ஏதாவது செய்யலாம் என்றாள். நாங்கள் இருப்பது பினாங்கில், எட்டு முறை உலக வெற்றியாளரான நிக்கோல் டேவிட் பிறந்த ஊரில். அதனால் ஸ்குவாஷ் பந்துதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆட்டம் தொடங்கும் முன் பந்தை அடித்து அடித்துச் சூடாக்குவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தச் சூடு பந்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதுதான் ஆய்வு.

பொருள்கள்: இரட்டை மஞ்சள் புள்ளி போட்ட பந்து ஒன்று. போட்டிகளில் பயன்படுவது இதுதான், குறைவாக எழும்புவதும் இதுதான். ஒற்றைப் புள்ளி, சிவப்பு, நீலம் எல்லாம் வேண்டாம். முள் போன்ற கம்பி உள்ள டிஜிட்டல் சமையல் வெப்பமானி, அளவு நாடா, கைப்பேசி, மூன்று கிண்ணங்கள், அப்புறம் ஒரு டீ வடிகட்டி. கண்ணாடி வெப்பமானியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

படி 1. சுவரில் அளவு நாடாவை ஒட்டி 1 மீட்டரில் கோடு போடுங்கள். கீழே சிமெண்டுத் தரையோ டைலோ இருக்கட்டும், ஆனால் எல்லா முறையும் ஒரே இடத்தில் விழ வேண்டும்.

படி 2. ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டித் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் 45 டிகிரி வெந்நீர். பந்தைச் சோதிக்கும் சர்வதேச விதியிலும் 45 டிகிரி உண்டு. வெந்நீரைப் பெரியவர்களே ஊற்றுங்கள். இதைவிடச் சூடு தேவையில்லை.

படி 3. எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது இந்தப் படிதான். பந்தை வெந்நீரில் போட்டோம், பத்து நிமிடம் காத்திருந்தோம், எடுத்துக் கோட்டிலிருந்து கீழே விட்டுப் பார்த்தோம். ஒரு முறை 19 செ.மீ., அடுத்த முறை 26. அதே தண்ணீர், அதே பந்து. கிண்ணத்தை உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது: பந்து மிதக்கிறது! 4 செ.மீ. விட்டமுள்ள பந்தின் எடை வெறும் 24 கிராம். கால் பங்குக்கும் சற்று மேலேயே தண்ணீருக்கு வெளியே நிற்கிறது, அந்தப் பக்கம் சூடேறவே இல்லை. டீ வடிகட்டியைக் கவிழ்த்துப் பந்தை முழுக்க அமுக்கி, மேலே ஒரு கரண்டியை வைத்தோம். அதற்குப் பிறகு ஐந்து முறை போட்டாலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரவில்லை.

படி 4. பந்தை எடுத்து, துணியால் ஒரு முறை ஒற்றி, ஐந்து விநாடிக்குள் விட்டுவிடுங்கள். எறியக் கூடாது, இரு விரல்களுக்கு நடுவிலிருந்து நழுவ விடுங்கள். அடுத்த முறைக்கு முன் மீண்டும் இரண்டு நிமிடம் தண்ணீருக்குள்.

படி 5. கண்ணால் பார்த்து உயரம் எழுதாதீர்கள். கைப்பேசியில் ஸ்லோ மோஷன் எடுங்கள். முதலில் ஒரு முறை போட்டுப் பார்த்து, பந்து எட்டும் உயரத்துக்குக் கேமராவைப் புத்தகங்கள் அடுக்கித் தூக்கி வையுங்கள். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் அளவு தப்பும். விடும்போதும் எழும்பும்போதும் பந்தின் அடிப்பக்கத்தையே அளவிடுங்கள். எழும்புவதே 7 செ.மீ. என்னும்போது, பந்தின் 4 செ.மீ. கலந்துவிட்டால் ஆய்வே கெட்டுவிடும்.

எங்களுக்குக் கிடைத்த சராசரி: 5 டிகிரியில் 7 செ.மீ., 28-இல் 16, 45-இல் 28. தற்சார்பு மாறி (நாம் மாற்றுவது) வெப்பநிலை. சார்பு மாறி (அதனால் மாறுவது, நாம் அளப்பது) எழும்பும் உயரம். பந்து, தரை, விடும் உயரம் மூன்றும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் (மாற்றாமல் வைப்பவை). அட்டையில் இதைப் பெரிதாக எழுதுங்கள், ஆசிரியர் முதலில் தேடுவது இதைத்தான்.

பிற்சேர்க்கை 1: "உள்ளே உள்ள காற்று சூடாகி அழுத்துவதால்தானே?" என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். அதுவும் உண்டு. ஆனால் 5-இலிருந்து 45 டிகிரிக்குப் போனால் காற்றழுத்தம் ஏறக்குறைய 14 விழுக்காடுதான் கூடும். பந்தோ நான்கு மடங்கு எழும்புகிறது. முக்கியக் காரணம் ரப்பர். குளிர்ந்த ரப்பர் நசுங்கி மீளும்போது நிறைய ஆற்றலை வெப்பமாக இழக்கிறது, சூடான ரப்பர் குறைவாக இழக்கிறது. உங்கள் பிள்ளை இதைத் தன் வார்த்தையில் சொல்லப் பழகட்டும்.

பிற்சேர்க்கை 2: பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா டென்னிஸ் பந்தில் செய்து, அது தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது என்று எழுதியிருந்தார். டென்னிஸ் பந்துதான் வேண்டுமென்றால் ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, அதன்பின் அமுக்குங்கள். மேலே கம்பளி இருப்பதால் பத்து நிமிடம் போதாது. அரை மணி நேரமாவது விடுங்கள், நடுவில் வெந்நீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.