லாஸ்1 இல்லாத ஈஸ்ட்டின் ஆயுளை எண்ணுவது எப்படி

ஈஸ்ட்டின் வயதை நாள் கணக்கில் பார்ப்பதில்லை. ஒரு தாய்ச் செல் சாவதற்குள் எத்தனை சேய்களை ஈன்றது என்று எண்ணுவோம். 1959இல் மார்ட்டிமர், ஜான்ஸ்டன் என்ற ஆய்வாளர்கள் காட்டிய வழி இது. சாதாரண ரகம் சராசரியாக இருபத்தைந்து சொச்சம் ஈனும். புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வருவது கடத்து ஆர்.என்.ஏ. அதை உட்கருவிலிருந்து வெளியே அனுப்பும் லாஸ்1 புரதத்தின் மரபணுவை நீக்கினால் இந்த எண்ணிக்கை பாதிக்கு மேல் கூடும். 2015இல், ஆளுக்கொரு மரபணு நீக்கிய 4,698 ஈஸ்ட் ரகங்களை அலசிய ஆய்வு சொன்னது இது. நான் நம்பாமல்தான் எண்ண உட்கார்ந்தேன்.

இரண்டு ரகங்களையும் ஒரே அகர் தட்டில், ரகத்துக்கு நாற்பது செல்லாக வரிசையில் வையுங்கள். முதல் மொட்டு பிரிந்ததும் பழைய செல்லை ஒதுக்கிவிட்டு, புதிதாகப் பிறந்ததை வைத்துக்கொள்ளுங்கள். அதன் வயது பூஜ்யம். அங்கிருந்து கணக்கு.

முப்பது டிகிரியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்து, கண்ணாடி இழை ஊசியால் சேயைத் தள்ளிவிட்டு நோட்டில் ஒரு கோடு போடுங்கள். தாயை நகர்த்தாதீர்கள். இளமையில் சேய் சிறியது, அடையாளம் எளிது. கிழத் தாயின் சேயோ தாய் அளவே இருக்கும். அப்போது இடம்தான் சாட்சி.

இரவில் தட்டு ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். முதல் தடவை சோம்பலில் இன்குபேட்டரிலேயே விட்டுவிட்டுப் போனேன். ஒன்பது மணி நேரத்தில் ஒன்று அறுபத்து நாலாகிவிடும். காலையில் வந்து பார்த்தால் தாய் எது, கொள்ளுப்பேத்தி எது என்றே தெரியவில்லை. தட்டு குப்பைக்குப் போனது. ஒரு செல்லைத் தவறவிட்டால் "தொலைந்தது" என்று எழுதுங்கள், "செத்தது" என்று அல்ல.

அப்புறம், எந்த வரிசை எந்த ரகம் என்பதை நண்பர் ஒருவர் மட்டும் குறித்து வைத்திருக்கட்டும். எனக்குத் தெரிந்திருந்த தடவை, அசையாமல் கிடந்த லாஸ்1 செல்லுக்கு மட்டும் இன்னொரு நாள் தவணை கொடுத்தேன். சாதாரண ரகத்துக்கு அந்தக் கருணை காட்டவில்லை.

வித்தியாசம் தெரிந்தாலும், கடத்து ஆர்.என்.ஏ. வெளியேறாததுதான் நேரடிக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். லாஸ்1 போனால், செல்லுக்கு நெருக்கடி வரும்போது வேலை செய்யும் ஜிசிஎன்4 என்ற புரதமும் விழித்துக்கொள்கிறது. ஆயுள் கூடியதில் அதன் பங்கு எவ்வளவு என்று பார்க்க, அதையும் நீக்கிய ரகம் ஒன்றைப் பக்கத்து வரிசையில் வைப்பது நல்லது.

நாளுக்கு ஐந்து சுற்று என்றால் இரண்டு மூன்று வாரம் இழுக்கும், ஞாயிறும் சேர்த்து. வீட்டில் கல்யாணம் காட்சி இல்லாத மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.