பழைய ஆங்கிலச் சொற்கள்: ஏமாற்றுவது தெரிந்த சொல்தான்

பழைய ஆங்கில நூலில் அறியாத சொல் வந்தால் நின்றுவிடுகிறோம், அகராதியை எடுக்கிறோம், தப்பித்துக்கொள்கிறோம். வழுக்கி விழுவது தெரிந்த சொல்லில். தினமும் பேசுகிற சொல்லுக்கு யார் அகராதியைப் புரட்டுவார்கள்?

‘லெட்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். இன்று அதற்கு ‘அனுமதி’ என்று பொருள். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் தந்தையின் ஆவியைப் பின்தொடரத் துடிக்கும் ஹாம்லெட், தன்னை ‘லெட்’ செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று மிரட்டுகிறான். அனுமதிப்பவனை ஏன் கொல்ல வேண்டும்? அங்கே ‘லெட்’ என்றால் ‘தடு’. வெவ்வேறாக இருந்த இரண்டு வினைச்சொற்கள் காலப்போக்கில் ஒரே ஒலியில் வந்து சேர்ந்தன. அவற்றுள் ‘தடு’ என்னும் பொருளுடையது வழக்கொழிந்தது. முற்றிலும் ஒழியவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டின் முதல் பக்கங்களில், இதை வைத்திருப்பவரை ‘லெட்’டோ இடையூறோ இன்றிச் செல்ல விடுங்கள் என்று குடியரசுத் தலைவரின் பெயரால் கேட்கும் வாசகம் இருக்கிறது. அதிலும் தடை என்பதே பொருள்.

‘பிரிவென்ட்’ இன்னொன்று. 1611இல் வெளியான ஆங்கில வேதாகமத்தில், உயிரோடிருப்பவர்கள் நித்திரையடைந்தவர்களை ‘பிரிவென்ட்’ செய்வதில்லை என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். ‘தடுப்பதில்லை’ என்று படித்தால் வசனமே குழம்பிவிடும். லத்தீனில் அதன் மூலத்துக்கு ‘முன்னால் வருதல்’ என்று பொருள். நம் தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் ‘முந்திக்கொள்வதில்லை’ என்கிறது. ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர் தமிழைப் பார்த்தாலே தெளிந்துவிடலாம்.

வேதாகமத்தின் வழியே வரும் தவறான எண்ணம் ஒன்றும் உண்டு. ‘தௌ’ என்பதை மரியாதைச் சொல்லாகப் பலர் நினைக்கிறார்கள். ஜெபங்களில் கேட்டுக் கேட்டு, அதைத் தமிழின் ‘தேவரீர்’ போன்றதாக மனம் எடுத்துக்கொள்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘யூ’தான் ‘நீங்கள்’. ‘தௌ’ நம்முடைய ‘நீ’. காதலியிடமும் குழந்தையிடமும் பணியாளிடமும் சொல்வது. பகைவனிடம் சொன்னால் அவமதிப்பு. ஒரு பாத்திரம் ‘யூ’விலிருந்து ‘தௌ’வுக்கு மாறும்போது நெருக்கம் பிறந்ததா, கோபம் வெடித்ததா என்று கவனியுங்கள். ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாட்டில் வளர்ந்த தமிழருக்கு இது எளிதில் பிடிபடும்.

ஜூலியட்டின் ‘வேர்ஃபோர்’ மேடைகளில்கூடத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கண்மேல் கை வைத்து ரோமியோவைத் தேடுவதுபோல நடிக்கிறார்கள். அவள் ‘எங்கே’ என்று கேட்கவில்லை, ‘ஏன்’ என்று கேட்கிறாள்: பகைக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய ரோமியோவாக ஏன் இருக்கிறாய்? பெயரைத் துறந்துவிடு என்று அடுத்து அவள் சொல்வது அதனால்தான்.

இதற்கு நேர்மாறான தவறு, பழைய பொருளே உண்மையான பொருள் என்று சாதிப்பது. ‘நைஸ்’ லத்தீனில் ‘அறியாத’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. அதற்காக இன்று ஒருவரை ‘நைஸ்’ என்பது வசை ஆகிவிடாது. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது என்று விருந்தினரிடம் விளக்கிக்கொண்டா இருக்கிறோம்?

அச்சில் வரும் குழப்பங்கள் சிறியவை. பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களில் நீண்ட ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே தோன்றும்; ‘சேம்’ என்பதை ‘ஃபேம்’ என்று படித்துவிடாதீர்கள். பழமையைக் காட்டிக்கொள்ளும் ஆங்கிலக் கடைப் பலகைகளின் ‘யீ ஓல்டு’ என்பதில் உள்ள ‘யீ’யும் உண்மையில் ‘தி’தான், ‘த’ ஒலியைக் குறித்து வழக்கொழிந்த ‘தார்ன்’ என்னும் எழுத்தின் இடத்தில் ‘ஒய்’ வந்து உட்கார்ந்துகொண்டது.

அகராதியைத் திறந்த பிறகும் அவசரம் கூடாது. மாணவர் அகராதிகள் இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முதலில் தரும். பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பொருள்களைக் கால வரிசையில் அடுக்குகிறது. அதன் முதல் பொருள் செத்துப்போனதாகவும் இருக்கலாம். நூல் எழுதப்பட்ட ஆண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் தரும் மேற்கோள்களின் ஆண்டுகளோடு பொருத்திப் பாருங்கள்.

எந்த அகராதியும் மனிதர்கள் எழுதியதுதான். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட மாபெரும் அகராதியில், குதிரையின் குளம்புக்குச் சற்று மேலுள்ள ‘பாஸ்டர்ன்’ என்னும் பகுதியை அதன் முழங்கால் என்று எழுதிவிட்டார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஒரு பெண்மணி கேட்டபோது அவர் சாக்குச் சொல்லவில்லை: “அறியாமை, அம்மா, வெறும் அறியாமை.”